நடு உறுப்பைப் பிரிக்கும்போது முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஏன் பெருக்குகிறோம்?

கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். 6x² − x − 12 போல ஒரு கோவை வந்தால், “6-ஐயும் −12-ஐயும் பெருக்கு, −72 வரும். பெருக்கினால் −72, கூட்டினால் −1 வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடி” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளும் போடுகிறாள், விடையும் வருகிறது. ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சில கணக்குகளில் எவ்வளவு தேடினாலும் எண் சிக்குவதே இல்லை. சிக்குமா சிக்காதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? கடைசியாக, ஒரு சமன்பாட்டின் மூலங்கள் (அதாவது சமன்பாட்டைப் பூர்த்தி செய்யும் x மதிப்புகள்) α, β எவ்வளவு என்றே தெரியாமல் α² + β² மட்டும் எப்படிக் கிடைக்கிறது?

மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். இரண்டு எண்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் தெரிந்தால் அந்த எண்களைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும் என்பதே அது. இருபடிக் கோவை பற்றிப் பள்ளியில் படிப்பதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

முதல் கேள்வியை எடுப்போம். காரணிப்படுத்துவது என்பது பெருக்கி வைத்ததைத் திரும்பப் பிரிப்பது. ஆகவே பெருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

(px + q)(rx + s) = pr x² + ps x + qr x + qs

நடுவில் இரண்டு துண்டுகள் வருகின்றன: ps, qr. இரண்டிலும் x ஒட்டிக்கொண்டிருப்பதால் கூட்டி ஒரே உறுப்பாக எழுதிவிடுகிறோம். எது எவ்வளவு என்ற விவரம் மறைவது அந்த இடத்தில்தான். காரணிப்படுத்தும்போது அதைத்தான் மீட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு துண்டுகளையும் பெருக்கிப் பாருங்கள், pqrs வருகிறது. இப்போது முதல் கெழு pr-ஐயும் கடைசி எண் qs-ஐயும் பெருக்குங்கள், அதே pqrs! முதலையும் கடைசியையும் பெருக்கச் சொல்வது இதற்காகத்தான். மறைந்துபோன இரண்டு துண்டுகளின் கூடுதல் நமக்குக் கண்ணெதிரே நடுக் கெழுவாக இருக்கிறது. கோவையைப் பொதுவாக ax² + bx + c என்று எழுதினால், அவற்றின் பெருக்கற்பலன் ac என்ற வடிவில் இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது.

இதோடு நிறுத்தினால் பாதி விளக்கம்தான். சரியான இரண்டு எண்களைக் கண்டுபிடித்துப் பிரித்து எழுதிய பிறகு, இரண்டிரண்டு உறுப்பாகச் சேர்த்தால் இரு பக்கமும் ஒரே அடைப்புக்குறி வந்தே தீரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? m + n = b, mn = ac என்று வைத்துக்கொண்டால், கோவை ax² + mx + nx + c ஆகிறது. mn = ac என்பதையே a/m = n/c என்றும் எழுதலாம். அதாவது முதல் ஜோடியின் கெழுக்கள் a, m எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தில்தான் இரண்டாம் ஜோடியின் n, c இருக்கின்றன. விகிதம் ஒன்றாக இருந்தால், பொதுக் காரணியை வெளியே எடுத்ததும் உள்ளே மிஞ்சுவதும் ஒன்றாகத்தான் இருக்கும். நம் கணக்கில் அந்த எண்கள் −9, 8.

6x² − 9x + 8x − 12 = 3x(2x − 3) + 4(2x − 3) = (2x − 3)(3x + 4)

8x-ஐ முன்னால் எழுதினாலும் பழுதில்லை: 2x(3x + 4) − 3(3x + 4). விடை அதேதான். ஆனால் இந்த வரிசையில் குழந்தைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. −9x − 12 என்பதிலிருந்து −3-ஐ வெளியே எடுக்கும்போது உள்ளே குறி மாறி 3x + 4 ஆக வேண்டும். பலர் 3x − 4 என்று எழுதிவிட்டு, இரண்டு அடைப்பும் ஒத்துவரவில்லையே என்று தேர்ந்தெடுத்த எண்களையே சந்தேகப்பட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மகளிடம் சொல்லிவையுங்கள்: எண்கள் சரியாக இருந்தால் அடைப்புகள் ஒத்துவந்தே ஆக வேண்டும், வரவில்லை என்றால் முதலில் குறியைப் பார்க்க வேண்டும்.

டியூஷன்களில் இதைவிட வேகமாக ஒரு வழி சொல்லித்தருவார்கள். பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, மேலே −72, கீழே −1, பக்கங்களில் −9, 8. பிறகு பக்கத்து எண்கள் இரண்டையும் முதல் கெழுவால் வகுப்பது: −9/6, 8/6. சுருக்கினால் −3/2, 4/3. கீழே உள்ள எண் x-க்குப் போகும், மேலே உள்ளது தனியாக நிற்கும்: (2x − 3)(3x + 4). இது மந்திரமில்லை. கோவை முழுவதையும் 6-ஆல் பெருக்கினால் (6x)² − (6x) − 72 ஆகிறது. 6x-ஐ ஒரே எழுத்தாகப் பாவித்தால் முதல் கெழு 1, ஆகவே (6x − 9)(6x + 8). பெருக்கிய 6-ஐத் திரும்ப வகுக்கும்போது முதல் அடைப்பிலிருந்து 3-ம் இரண்டாவதிலிருந்து 2-ம் போய்விடுகின்றன. அவ்வளவுதான்.

இந்தக் குறுக்குவழியில் ஒரு பள்ளம் உண்டு. 6x² − 15x + 6 கொடுத்தால் மேலே 36, கீழே −15, பக்கங்களில் −12, −3. 6-ஆல் வகுத்தால் −2, −1/2. விடை (x − 2)(2x − 1) என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பெருக்கிப் பாருங்கள், 2x² − 5x + 2 தான் வருகிறது. 3 எங்கே போயிற்று? மூன்று உறுப்புகளிலும் பொதுவாக இருந்த 3-ஐச் சுருக்கும்போதே இழந்துவிட்டோம். சரியான விடை 3(x − 2)(2x − 1). இதுவே 6x² − 15x + 6 = 0 என்ற சமன்பாடாக இருந்தால் அந்த 3 போனதால் ஒரு நஷ்டமும் இல்லை, மூலங்கள் 2, 1/2 தான். சமன்பாட்டின் இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுக்கலாம். கோவைக்கு இன்னொரு பக்கம் கிடையாது, அதிலிருந்து எதையும் வகுத்துத் தூக்கிப்போட முடியாது. கோவைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு இயற்கணிதத்தில் பாதிப் பயம் போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம், எண் சிக்குமா சிக்காதா? இதற்கு விடை b² − 4ac, அதாவது தன்மைக்காட்டி. மூலங்கள் மெய்யா, சமமா, மெய் அல்லாதவையா என்று வகைப்படுத்தும் ஒரு கருவியாக மட்டுமே பாடத்தில் இதை அறிமுகப்படுத்துவதால், காரணிப்படுத்தும் இடத்தில் இதற்கு வேலை இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. நாம் தேடுகிற எண்கள் m, n. கூடுதல் b, பெருக்கற்பலன் ac. எட்டாம் வகுப்பு முற்றொருமைகளிலிருந்தே

(m − n)² = (m + n)² − 4mn = b² − 4ac

என்று வருகிறது. ஆக, தன்மைக்காட்டி என்பது நாம் தேடும் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தின் வர்க்கம்! a, b, c முழுக்களாக இருக்கும்போது அது முழு வர்க்கமாக இருந்தால் எண்கள் சிக்கும். இல்லையென்றால் விடிய விடியத் தேடினாலும் முழு எண்கள் கிடைக்காது. தேடலை ஆரம்பிக்கும் முன் இதைப் போட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை.

இன்னும் ஒரு படி போகலாம். கூடுதலும் வித்தியாசமும் கையில் இருந்தால் தேடலே தேவையில்லை. 24x² − 65x + 21 என்ற கோவையை எடுங்கள். ac = 504. இதற்குக் காரணி ஜோடிகள் ஏராளம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பொறுமை போய்விடும். தன்மைக்காட்டி 4225 − 2016 = 2209. இது 47-இன் வர்க்கம். எனவே கூடுதல் −65, வித்தியாசம் 47. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் −9, கழித்துப் பாதியாக்கினால் −56.

24x² − 9x − 56x + 21 = 3x(8x − 3) − 7(8x − 3) = (8x − 3)(3x − 7)

ஊகம் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. 2209-இன் வர்க்கமூலம் தெரியாதே என்பீர்கள். 45² = 2025, 50² = 2500; இடையில் 9-இல் முடியும் வர்க்கம் வேண்டும் என்றால் 47 ஒன்றுதான் இருக்க முடியும். ஜோடிகளைத் தேடுவதைவிட இது சுலபம்.

கூடுதலில் பாதியை நடுவில் வைத்துக்கொண்டு இரு பக்கமும் ஒரே அளவு நகர்வது என்ற இந்த யோசனை மிகப் பழையது. சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில், சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் 3/4, பக்கம் எவ்வளவு என்ற கணக்கு இருக்கிறது. பக்கத்தின் கெழுவைப் பாதியாக்கி, வர்க்கப்படுத்திக் கூட்டி, 1/2 என்ற விடைக்குப் போகிறார்கள். 2019-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் போ-ஷென் லோ இதே யோசனையை வகுப்பறைக்கு ஏற்றபடி எழுதியபோது இணையத்தில் பெரிதாகப் பரவியது; அதன் பகுதிகள் பழையவை என்று அவரே சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் உள்ள குரங்குக் கணக்கில் இதை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு குரங்குக் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கப்படுத்தினால் வரும் அளவு குரங்குகள் காட்டில் குதித்து விளையாடுகின்றன; மீதி 12 மலைமேல் இருக்கின்றன; மொத்தம் எத்தனை? (x/8)² + 12 = x. இதை விரித்தால் x² − 64x + 768 = 0. கூடுதல் 64, ஆகவே நடு எண் 32. மூலங்களை 32 + u, 32 − u என்று எழுதினால் பெருக்கற்பலன் 1024 − u² = 768. u² = 256, u = 16. மூலங்கள் 48, 16. இரண்டையுமே போட்டுப் பாருங்கள்: 48-இல் எட்டில் ஒன்று 6, வர்க்கம் 36, மீதி 12, 16-இல் எட்டில் ஒன்று 2, வர்க்கம் 4, மீதி 12. இரண்டும் பொருந்துகின்றன. பாஸ்கரரும் இரண்டையும் ஏற்கிறார்.

அதே நூலில் இன்னொரு குரங்குக் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து 3-ஐக் கழித்து வர்க்கப்படுத்திய அளவு குகைக்குள் போய்விட்டது, மரத்தில் ஒரே ஒரு குரங்கு தெரிகிறது. x² − 55x + 250 = 0, மூலங்கள் 50, 5. 5-ஐப் போட்டால் ஐந்தில் ஒன்று 1, அதில் 3-ஐக் கழித்தால் −2. வர்க்கப்படுத்திவிட்டால் 4 ஆகிச் சமன்பாடு என்னவோ சரியாகிவிடும். ஆனால் மைனஸ் இரண்டு குரங்கு ஏது? அதனால் இந்த மூலத்தை அவர் தள்ளிவிடுகிறார். வாக்கியக் கணக்குகளில் எந்த மூலத்தை வைத்துக்கொள்வது என்பதைச் சமன்பாடு சொல்லாது, கதையைத்தான் கேட்க வேண்டும். எதிர் எண் வந்தால் வெட்டிவிடு என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வார்கள். இங்கே இரண்டு மூலங்களுமே மிகை எண்கள்.

மூலங்களைத் தரும் பாடநூல் சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் வருவிக்க வேண்டும் என்றால், பாஸ்கரர் மேற்கோள் காட்டும், அவருக்கு முந்தைய கணிதரான ஸ்ரீதரரின் விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்ரீதரரின் இயற்கணித நூல் கிடைக்கவில்லை, இந்த விதி மேற்கோளாகவே பிழைத்திருக்கிறது. வர்க்கப் பூர்த்தி முறையில் நம் பிள்ளைகள் முதலில் a-ஆல் வகுத்து, b/2a என்று பின்னத்துக்குள் இறங்கி, அங்கேயே தொலைந்துபோகிறார்கள். ஸ்ரீதரர் வகுக்கவில்லை, இரு பக்கமும் 4a-ஆல் பெருக்கச் சொல்கிறார். ax² + bx = −c என்பது 4a²x² + 4abx = −4ac ஆகும். இரு பக்கமும் b² கூட்டினால்

(2ax + b)² = b² − 4ac

பின்னமே வரவில்லை. இதில் வர்க்கமூலம் எடுத்தால் அந்தச் சூத்திரம் வந்துவிடும்.

மூன்றாவது கேள்வி. மூலங்கள் α, β என்றால் கோவை a(x − α)(x − β). விரித்தால் ax² − a(α + β)x + aαβ. இதை ax² + bx + c-உடன் ஒப்பிட்டால் α + β = −b/a, αβ = c/a. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் வியேட்டின் பெயரால் இந்தத் தொடர்பை அழைப்பார்கள். மேலே m, n-ஐத் தேடியதும் இதே சமாச்சாரம்தான்: m, n இரண்டையும் −a-ஆல் வகுத்தால் மூலங்கள். −9, 8-ஐ −6-ஆல் வகுத்தால் 3/2, −4/3; (2x − 3)(3x + 4) பூச்சியமாகும் இடங்கள் அவையே.

இப்போது 2x² − 6x + 1 = 0 என்பதை எடுங்கள். தன்மைக்காட்டி 28, முழு வர்க்கம் இல்லை, ஆகவே மூலங்களில் √7 வரும். ஆனால் கூடுதல் 3, பெருக்கற்பலன் 1/2, இவை சாதுவான எண்கள். α² + β² = (α + β)² − 2αβ = 9 − 1 = 8. தலைகீழிகளின் கூடுதல் 1/α + 1/β = (α + β)/αβ = 6. α/β + β/α = 8 ÷ 1/2 = 16. α³ + β³ = 27 − 3 × 1/2 × 3 = 22.5. எதிலும் √7 தலைகாட்டவில்லை.

ஏன் தலைகாட்டவில்லை? ஒரு மூலத்தில் +√7 இருந்தால் இன்னொன்றில் −√7 இருக்கிறது. α-வையும் β-வையும் இடம் மாற்றுவது என்பது √7-இன் குறியை மாற்றுவதற்குச் சமம். இடம் மாற்றினாலும் மதிப்பு மாறாத கோவை என்றால் அதில் √7 மிஞ்சியிருக்க முடியாது, மிஞ்சியிருந்தால் மதிப்பு மாறியிருக்கும். இப்படி இடம் மாற்றினாலும் மாறாத எந்தப் பல்லுறுப்புக் கோவையையும் α + β, αβ இரண்டை மட்டும் வைத்து எழுதிவிடலாம். α − β அப்படியல்ல, இடம் மாற்றினால் குறி மாறும். (α − β)² = 9 − 2 = 7 என்பது மட்டும் உறுதி; α − β என்பது √7 ஆகவும் இருக்கலாம், −√7 ஆகவும் இருக்கலாம். கேள்வியில் α > β என்று கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு குறியை மட்டும் எழுத வேண்டும்.

உயர்ந்த அடுக்குகளுக்கு முற்றொருமைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். α அந்தச் சமன்பாட்டைப் பூர்த்தி செய்வதால் α² = 3α − 1/2. இதை α, α² என்று பெருக்கிக்கொண்டே போகலாம், β-வுக்கும் அதேதான். இரண்டையும் கூட்டினால், ஒவ்வொரு அடுக்கின் கூடுதலும் முந்தையதன் மும்மடங்கிலிருந்து அதற்கும் முந்தையதன் பாதியைக் கழித்தால் வருகிறது. 2, 3 என்று தொடங்கினால் (α⁰ + β⁰ = 2 அல்லவா), அடுத்து 9 − 1 = 8, பிறகு 24 − 1.5 = 22.5, பிறகு 67.5 − 4 = 63.5. நான்காம் அடுக்கைச் சரிபார்க்க வேண்டுமா? 8² − 2 × (1/2)² = 63.5.

நீங்கள் கேட்காத இரண்டு இடறல்களையும் சொல்லிவிடுகிறேன், விடைத்தாள்களில் அடிக்கடி பார்ப்பவை என்பதால். x² = 5x என்று வந்தவுடன் x-ஐ அடித்துவிட்டு x = 5 என்று முடிப்பது ஒன்று. x பூச்சியமாக இருக்கலாம் என்பது அங்கே காணாமல் போகிறது; x(x − 5) = 0 என்று எழுதினால் 0, 5 இரண்டும் கிடைக்கும். (x − 2)(x − 3) = 6 என்பதைப் பார்த்து x − 2 = 6, x − 3 = 6 என்று எழுதுவது இன்னொன்று. பெருக்கற்பலன் பூச்சியம் என்றால்தான் இரண்டில் ஒன்று பூச்சியம் என்று சொல்ல முடியும். 6-ஐப் பற்றி அப்படி எதுவும் சொல்ல முடியாது. விரித்தால் x² − 5x = 0, மறுபடியும் 0, 5.

கடைசியாக, கொடுத்த மூலங்களிலிருந்து புதிய சமன்பாடு அமைக்கும் கணக்குகள். பொது வழி x² − (கூடுதல்)x + பெருக்கற்பலன் = 0. மேலே பார்த்த 2x² − 6x + 1 = 0-இன் α, β-வையே எடுப்போம். மூலங்கள் α², β² என்றால் கூடுதல் 8, பெருக்கற்பலன் 1/4, ஆகவே 4x² − 32x + 1 = 0. மூலங்கள் 1/α, 1/β என்றால் கெழுக்களைத் திருப்பிப் போட்டாலே போதும்: x² − 6x + 2 = 0. மூலங்கள் α + 2, β + 2 என்றால்தான் குழப்பம் வரும். x இருக்கும் இடத்தில் x + 2 போடத்தான் கை போகும், போட வேண்டியது x − 2. காரணம், பழைய சமன்பாட்டைப் பூர்த்தி செய்வது α; புதிய மூலத்தை x என்றால் α = x − 2. போட்டுச் சுருக்கினால் 2x² − 14x + 21 = 0. சரிதானா என்று பார்க்க மூலங்களைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புதிய கூடுதல் 3 + 4 = 7, பெருக்கற்பலன் αβ + 2(α + β) + 4 = 1/2 + 6 + 4 = 21/2. இரண்டும் ஒத்துப்போகின்றன.